சேற்றுநில வண்டிகளின் சக்கர நடுக்கம்: காரணமும் நிவர்த்தியும்

நில அளவை, மண் பரிசோதனை, வனப் பாதுகாப்பு, கால்நடை மருத்துவம் முதலிய பணிகளில் ஈடுபட்டுள்ள ஊழியர்கள் ஜீப்பு வகையைச் சேர்ந்த வண்டிகளையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். பருத்த பட்டன்களையுடைய டயர்கள் பூட்டிய இவ்வண்டிகள், சேற்றிலும் மணலிலும் கல்லிலும் தயங்காமல் செல்கின்றன. ஆனால் அதே வண்டி நெடுஞ்சாலையை அடைந்து மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டியவுடன், ஸ்டீயரிங் சக்கரம் கைகளில் நடுங்கத் தொடங்குவதைப் பலரும் கண்டிருப்பர். டிரைவரைக் கேட்டால், "காட்டு டயர் அப்படித்தான் இருக்கும், ஐயா" என்று சொல்லிவிடுவார். இக்கூற்று முழுவதும் சரியன்று. பருத்த பட்டன்கள் இரைச்சலை உண்டாக்குவது இயல்பே. நடுக்கத்தை உண்டாக்குவது இயல்பன்று. நடுக்கத்துக்குத் தனியான காரணம் உண்டு. அதைப் பெரும்பாலும் முகாமிலேயே, விலையுயர்ந்த யந்திரம் எதுவுமின்றிக் கண்டறிந்துவிடலாம்.

இதனைச் சிறு தொல்லையென்று விட்டுவிடுதல் தகாது. ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் பெறும் அடியானது பேரிங்குகளையும், கிங் பின்னையும், டை ராடு முனைகளையும் தேய்க்கின்றது. டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்து, அத்தேய்மானமே நடுக்கத்தை மேலும் வளர்க்கின்றது. வண்டியின் பின்புறம் பெட்டியில் வைக்கப்பட்டுள்ள அளவைக் கருவிகள், வீட்டைவிட்டுப் புறப்படும்போது இருந்த ஒழுங்கில் களத்தைச் சென்று சேர்வதில்லை. இவை யாவற்றுக்கும் மேலாக, கட்டுக்கடங்காத நடுக்கத்தினால் வண்டி சாலையைவிட்டு விலகும் அபாயமும் உண்டு.

சமனின்மை என்பது யாது?

சக்கரத்தின் எடை அதன் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவியிருந்தால், அது சுழலும்போது அச்சை எப்பக்கமும் இழுப்பதில்லை. ஒரு பக்கத்தில் எடை சற்று மிகுந்திருந்தால், அந்த மிகை எடை மையவிலக்கு விசையால் அச்சை வெளிநோக்கி இழுக்கின்றது. சக்கரம் சுழலச் சுழல, இழுக்கும் திசையும் மேல், முன், கீழ், பின் என்று சுழன்றுகொண்டே இருக்கும். இவ்விசை எடைக்கும், அது அச்சிலிருந்து இருக்கும் தூரத்துக்கும் நேர் விகிதத்தில் உள்ளது. ஆனால் வேகத்தைப் பொறுத்தமட்டில் அதன் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 16 அங்குல ரிம்மில் பூட்டிய பெரிய டயர் ஒன்றின் ஆரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அதன் சுற்றளவு 2.5 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய 9 முறை சுழலும். ரிம்மின் ஓரத்தில், அதாவது அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில், 100 கிராம் மிகை எடை இருப்பின், அது அச்சை 6 கிலோகிராம் எடைக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கும். அதே 100 கிராம் டயரின் பட்டன் பகுதியில் இருந்தால் விசை 12 கிலோகிராமை எட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இவை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மண் பாதையில் ஒன்றும் தெரியாத வண்டி, தார்ச்சாலையில் நடுங்குவதன் இரகசியம் இதுவே. 1940-களின் இறுதியில் பம்பாயில் இணைத்து விற்கப்பட்ட ஜீப்புகள் 6.00-16 என்னும் ஒடுங்கிய டயர்களில், அக்காலத்துக் குறுகிய சாலைகளில் ஓடின. இன்று டயரும் பருத்துவிட்டது, சாலையும் அகன்றுவிட்டது. முதிய டிரைவர்கள் "அப்போது இந்தத் தொல்லை இல்லை" என்று சொல்வதில் உண்மையில்லாமல் இல்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். சக்கரங்களும் அச்சும் சேர்ந்து, மேலே ஸ்பிரிங் பட்டைக்கும் கீழே டயரின் காற்றுக்கும் இடையில் தொங்கி நிற்கின்றன. இவ்வமைப்புக்கு இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு; பொதுவாக அது வினாடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும். சக்கரத்தின் சுழற்சி இந்த எண்ணை நெருங்கும்போது, ஊஞ்சலைத் தக்க சமயத்தில் தள்ளுவதைப்போல, சிறு விசையும் பெரும் ஆட்டத்தை உண்டாக்கும். இதனை ஒத்ததிர்வு என்பர். மேலே கணக்கிட்ட சக்கரம் மணிக்கு 90 கிலோமீட்டரை அணுகும்போதே இவ்வெல்லைக்குள் நுழைந்துவிடுகின்றது. சில வண்டிகளில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் நடுக்கம் கடுமையாகி, அதைத் தாண்டினால் தணிவதும் இதனாலேயே. தணிந்ததைக் கண்டு வேகத்தைக் கூட்டுவது நோயை மறைப்பதேயன்றி நீக்குவதாகாது.

சமனின்மையில் இருவகை உண்டு. மிகை எடை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது நிலைச் சமனின்மை. நிறுத்தி வைத்தாலும் கனமான பக்கம் கீழே வந்து நிற்பதால் அதைக் காண்பது எளிது. மற்றொன்று, அகன்ற சக்கரத்தின் உள்முகத்தில் ஒரு பக்கமும் வெளிமுகத்தில் அதற்கு எதிர்ப்பக்கமும் எடை மிகுந்திருப்பது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், நிற்கும்போது சக்கரம் எப்பக்கமும் சாயாது. சுழலும்போது மட்டும் இடவலமாகத் தள்ளாடும். இதனை இயக்கச் சமனின்மை எனலாம். முன்னது சக்கரத்தை மேலும் கீழும் குதிக்கச் செய்யும். பின்னது ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைக்கும். டயர் அகலமாக ஆக, இரண்டாவது வகை முக்கியமாகின்றது.

எங்கே நோய்?

நடுக்கம் எங்கு உணரப்படுகின்றது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரமும், ஆசனத்திலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரமும் பெரும்பாலும் காரணமாகும். ஐயம் இருப்பின் முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கமும் உடன் பின்னே சென்றால் குற்றம் சக்கரத்தில்தான், முன்னச்சில் அன்று. சமதளமான, போக்குவரத்து இல்லாத சாலையில், நடுக்கம் இருக்கும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சினை அணைக்கக் கூடாது. நடுக்கம் நீடித்தால் எஞ்சின் குற்றவாளியன்று. கார்டன் தண்டு சக்கரத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைந்து சுழல்வதால், அதன் சமனின்மை குலுக்கலாக இராமல் ரீங்காரமாகக் கேட்கும். காலையில் புறப்பட்டதும் இருந்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தானே மறைந்துவிடும் நடுக்கமும் ஒன்றுண்டு. நைலான் இழை டயர்கள் இரவு முழுவதும் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால் ஏற்பட்ட தட்டையே அதற்குக் காரணம். டயர் சூடேறியதும் அது சரியாகிவிடும். அதற்காக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை.

மண்ணே முதற் காரணம்

விதர்ப்பம், மராட்டவாடா, மாளவம், கத்தியவார் முதலிய பிரதேசங்களில் மழைக்காலத்தில் பணிபுரிந்தவர்கள் கரிசல் மண்ணின் குணத்தை அறிவர். நீரை உறிஞ்சி வீங்கும் களிமண் வகை அதில் மிகுதி. நனைந்தபோது பசைபோல ஒட்டும். உலர்ந்தபின் செங்கல்போல இறுகும். வண்டியை மாலையில் நிறுத்தும்போது, ரிம்மின் உட்புறக் குழிவில் அப்பியிருக்கும் சேறு வழிந்து கீழ்ப்பாகத்தில் சேர்ந்து, இரவில் உலர்ந்து நிற்கின்றது. மறுநாள் காலை அது ஒரு கைப்பிடி அளவே இருக்கலாம். ஆனால் ஒரு கைப்பிடிக் களிமண் 300 கிராம் நிறுக்கும். மேற்சொன்ன சக்கரத்தில், 80 கிலோமீட்டர் வேகத்தில், இந்த 300 கிராம் அச்சை ஏறக்குறைய 18 கிலோகிராம் விசையுடன் வினாடிக்கு 9 முறை சுற்றிச் சுற்றி இழுக்கும். வெளிப்புறத்திலிருந்து பார்ப்பவருக்குச் சக்கரம் தூய்மையாகவே தோன்றும். குனிந்து, வண்டியின் அடியில் தலையை நுழைத்து, உட்புறத்தைப் பார்த்தாலன்றி இது தெரியவராது.

ஒருமுறை மழைக்காலச் சுற்றுப்பயணத்தின் நடுவில் எங்கள் வண்டியை ஒரு சிறுநகரப் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்கே வெளிப்புறத்தை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவி, சக்கரத்தை யந்திரத்தில் ஏற்றி, 180 கிராம் ஈயக் கட்டியைப் பொருத்தித் தந்தனர். வண்டி அன்று அருமையாக ஓடிற்று. மூன்றாம் நாள் ஓர் ஓடையைக் கடந்தபின் முன்னிலும் மோசமாக நடுங்கிற்று. ரிம்மின் உள்ளே இறுகியிருந்த மண்ணை ஓடை நீர் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மண்ணுக்கு ஈடாக வைத்த ஈயம் மட்டும் மிஞ்சி நின்றது! ஆகவே சமன் பார்க்குமுன் சக்கரத்தைக் கழற்றி, உட்புறத்தை மரக்குச்சியால் சுரண்டிக் கழுவித் துடைத்தல் இன்றியமையாதது. பட்டன்களின் இடையே சிக்கியிருக்கும் கற்களையும் அகற்ற வேண்டும். எனது அனுபவத்தில், மழைக்காலத்து நடுக்கங்களில் பெரும்பங்கு இவ்வளவிலேயே தீர்ந்துவிடுகின்றது.

வட்டமும் அமர்வும்

கழுவியபின்னும் நடுக்கம் இருந்தால், சக்கரம் உண்மையிலேயே வட்டமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். வட்டம் கெட்ட சக்கரத்தில் எவ்வளவு எடை வைத்தாலும் பயனில்லை. அச்சை ஜாக்கியால் உயர்த்தி, கீழே உறுதியான கட்டை கொடுத்து, மற்ற சக்கரங்களுக்கு அணை வைத்தபின், டயரின் அருகில் செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு பென்சிலை டயரைத் தொடாமல் நிறுத்துக. சக்கரத்தை மெல்லச் சுழற்றினால் பென்சில் முனைக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைவது தெரியும். முதலில் ரிம்மின் ஓரத்தையும், பிறகு டயரையும் இவ்வாறு பார்க்க வேண்டும். 2 மில்லிமீட்டருக்குள் மாறுபட்டால் இவ்வகை டயர்களில் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ரிம் நேராக இருந்து டயர் மட்டும் ஏறி இறங்கினால், பீடு எனப்படும் கம்பி வைத்த ஓரம் ரிம்மில் சரியாக அமரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டினாற்போல் சுற்றிலும் ஒரு மெல்லிய வரம்பு வார்க்கப்பட்டிருக்கும். அவ்வரம்புக்கும் ரிம்முக்கும் உள்ள தூரம் எல்லாவிடத்தும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் வரம்பு உள்ளே மறைந்திருந்தால் பீடு அங்கே பதியவில்லை. காற்றை முழுவதும் இறக்கி, பீடைத் தளர்த்தி, சோப்பு நீர் தடவி மீண்டும் காற்றேற்றினால் பெரும்பாலும் அது தானே தன் இடத்தில் சென்று அமரும். பிடிவாதமான பீடை அமர்த்தும் பொருட்டு 40 பவுண்டுக்கு மேல் காற்றேற்றுவது ஆபத்தாகும். இறக்கிவிட்டு மீண்டும் சோப்பு தடவுக. பூட்டு வளையம் வைத்த பல துண்டு ரிம்களை முகாமில் தொடவே வேண்டாம். காற்றேறும்போது அவ்வளையம் தெறித்து உயிரிழந்தோர் உண்டு. இரும்புக் கூண்டு உள்ள பட்டறைக்கே அவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும்.

மணலில் செல்வதற்காகக் காற்றைக் குறைப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குறைந்த காற்றில் வலிந்து ஓட்டும்போது டயர் ரிம்மின்மேல் நழுவிச் சுற்றிவிடக்கூடும். ட்யூப் உள்ள சக்கரமாயின் வால்வு சாய்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். ட்யூப் இல்லாததில் ஒன்றும் தெரியாது, முன்பு பார்த்த சமன் மட்டும் கெட்டுப்போகும். ஆகையால் சமன் பார்த்தவுடன் டயருக்கும் ரிம்முக்கும் குறுக்காக ஒரு வர்ணக் கோடு தீட்டிவைப்பது நலம். கோடு முறிந்திருந்தால் டயர் நழுவியது விளங்கும். ரீட்ரெட் செய்த டயர்களிலும், உள்ளே பெரிய ஒட்டுப் போட்ட டயர்களிலும் சமன் மாறியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அரை மில்லிமீட்டரின் விலை

யந்திரத்தில் சமன் பார்த்து வந்தபின்னும் நடுங்கும் சக்கரங்கள் பல. இதற்கு அதிகம் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு. இவ்வண்டிகளின் இரும்பு ரிம்கள் பலவற்றில், நடுவிலுள்ள பெருந்துளை ஹப்பின்மேல் தளர்வாகவே பொருந்தும். சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது அத்துளையன்று. கூம்பு முனையுள்ள நட்டுகளே அவ்வேலையைச் செய்கின்றன. சமன் பார்க்கும் யந்திரமோ சாதாரணமாக நடுத்துளையில் கூம்பைச் செருகிச் சக்கரத்தைப் பிடிக்கின்றது. துளையின் மையமும் போல்ட்டு வட்டத்தின் மையமும் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் என்ன நேரும்? டயரும் ரிம்மும் சேர்ந்து 36 கிலோகிராம் எனக் கொண்டால், 36,000 கிராமை அரை மில்லிமீட்டரால் பெருக்கி, எடை வைக்கும் ஆரமாகிய 200 மில்லிமீட்டரால் வகுக்க, 90 கிராம் வருகின்றது. அதாவது, யந்திரத்தில் பூஜ்யம் காட்டிய சக்கரம், வண்டியில் பூட்டியவுடன் 90 கிராம் சமனின்மையுடன் ஓடும். போல்ட்டுத் துளைகளால் சக்கரத்தைப் பிடிக்கும் தட்டு இருக்கிறதா என்று பட்டறையில் கேட்டு, அதனைக் கொண்டே பார்க்கச் சொல்ல வேண்டும்.

நட்டுகளை இறுக்குவதிலும் இதே கவனம் தேவை. சக்கரம் தரையைத் தொடாதபோது, எல்லா நட்டுகளையும் கையால் திருகி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு நட்டை முதலிலேயே முழுவதும் முறுக்கிவிட்டால் சக்கரம் ஒருபக்கம் ஒதுங்கிப் பூட்டப்பட்டுவிடும். ஹப்பின் முகத்தில் ஒட்டிய துருவும் மண்ணும்கூடச் சக்கரத்தைச் சாய்த்துவிடும்; கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்க.

முகாமில் சமன் பார்த்தல்

இனி, யந்திரம் இல்லாத இடத்தில் நிலைச் சமன் பார்க்கும் முறையைக் கூறுவோம். முன்சக்கரத்தின் ஹப்பையே தராசாகக் கொள்ளலாம். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் ஹப்பின் பூட்டை விடுவித்து, சக்கரம் தனியே சுழலுமாறு செய்ய வேண்டும். இப்பூட்டு இல்லாத வண்டிகளில் அச்சுத் தண்டும் உடன் சுழன்று இழுப்பதால் முடிவு நுட்பமாக இராது. பிரேக் பட்டைகள் உரசாதபடி தளர்த்திக்கொள்க. வேலை முடிந்ததும் அவற்றை மீண்டும் சரிசெய்து, பிரேக்கைப் பலமுறை மிதித்து உறுதிப்படுத்திக்கொள்ளாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

சக்கரத்தை மெதுவாகத் தள்ளிவிட்டு, தானே நிற்கும்வரை காத்திருந்து, கீழே நிற்கும் இடத்தில் சாக்குக் கோடு இடுக. ஐந்தாறு முறை, இரு திசைகளிலும் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறுவேறு இடத்தில் நின்றால், பேரிங்கின் உராய்வுக்கு மேற்பட்ட சமனின்மை இல்லை. கோடுகள் ஓரிடத்தில் குவிந்தால் அதுவே கனமான பக்கம். அக்கோட்டைப் பக்கவாட்டில், அச்சின் மட்டத்துக்குக் கொண்டுவந்து கையை விட்டால் அது கீழிறங்கும். எதிர்ப்பக்க ரிம் ஓரத்தில் பிசைந்த களிமண்ணைச் சிறிது சிறிதாக ஒட்டி, சக்கரம் எந்த அளவில் இறங்காமல் நின்றுவிடுகின்றது என்று பார்த்து, அந்தக் களிமண்ணை நிறுத்துக் குறித்துக்கொள்க. 80 கிராம் எனக் கொள்வோம். மேலும் ஒட்டிக்கொண்டே போனால், ஓரளவில் சக்கரம் எதிர்த் திசையில் இறங்கத் தொடங்கும். அது 140 கிராம் எனக் கொள்வோம். முதல் அளவில் உராய்வு நமக்குத் துணை செய்தது. இரண்டாவதில் எதிர்த்து நின்றது. ஆகவே இரண்டின் சராசரியாகிய 110 கிராமே உண்மையான தேவை. உராய்வை அளக்காமலே அதன் பிழையை நீக்கும் இம்முறையை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டினால், மாணவர்கள் தராசின் இரு தட்டுகளையும் மாற்றி நிறுப்பதன் பயனை எளிதில் உணர்வர்.

இந்த 110 கிராமையும் வெளிப்புறத்திலேயே வைத்துவிடக் கூடாது. அவ்வாறு வைத்தால் நிலைச் சமன் கிட்டினும் புதிதாக இயக்கச் சமனின்மையை நாமே உண்டாக்கியவர்களாவோம். 55 கிராம் உட்புறத்திலும் 55 கிராம் வெளிப்புறத்திலும், ஒரே நேரில் வைப்பதே முறை. ரிம்மின் ஓர வடிவத்துக்குப் பொருந்தும் கொக்கி எடைகளையோ, உட்சுவரில் ஒட்டும் எடைகளையோ உபயோகிக்கலாம். கற்பாங்கான நிலத்தில் வெளி ஓரத்துக் கொக்கி எடைகள் கல்லில் மோதி விழுந்துவிடுகின்றன; ஒட்டும் எடைகள், எண்ணெயும் ஈரமும் போகத் துடைத்த பரப்பில் மட்டுமே நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிராம் எடை தன்னை 6 கிலோகிராம் விசையுடன் பிய்த்துக்கொள்ள முயல்கின்றது என்பதை நினைவிற்கொண்டால், கம்பியால் இரும்புத்துண்டைக் கட்டிவைக்கும் வழக்கம் எத்துணை அபாயகரமானது என்பது விளங்கும். தக்க எடை கிட்டவில்லையெனில், நகரம் சேரும்வரை மெதுவாகச் செல்வதே அறிவுடைமை.

எடைகளைப் பற்றி ஒரு சொல். நெடுங்காலமாக இவை ஈயத்தால் செய்யப்பட்டு வந்தன. ஈயம் நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சு. சாலையில் விழுந்து அரைபட்ட எடைகள் புழுதியிற் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் புதிய கார்களில் ஈய எடைகளைத் தடை செய்தது. துத்தநாகம் அல்லது இரும்பாலான எடைகள் கிடைக்குமாயின் அவற்றையே வாங்குக. ஈயத்தைக் கையாண்டபின் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது.

டயரைத் திருப்பி வைத்தல்

150, 200 கிராம் என்று தேவை மிகும்போது எடையை அடுக்கிக்கொண்டே போவதைவிட, டயரை ரிம்மின்மேல் பாதிச் சுற்றுத் திருப்பி அமர்த்துவது சிறந்தது. ரிம்முக்கும் கனமான பக்கம் ஒன்றுண்டு, டயருக்கும் ஒன்றுண்டு. இரண்டும் ஒரே பக்கம் அமைந்திருந்தால் சமனின்மை கூடும். எதிரெதிரே வைத்தால் கழியும். முதலில் 210 கிராம் தேவைப்பட்ட சக்கரம், டயரைத் திருப்பியபின் 90 கிராமே கேட்டது எனக் கொள்வோம். டயரின் பங்கு 150, ரிம்மின் பங்கு 60 என்பது இதிலிருந்து பெறப்படும். கூட்டினால் 210, கழித்தால் 90. இரண்டின் கனமான பக்கங்களும் செங்கோணத்தில் அமைந்திருந்தால் மட்டும் பாதிச் சுற்றினால் மாற்றம் எதுவும் தெரியாது. அப்போது கால் சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பி மோசமானால் மறுபக்கம் திருப்புக. புதிய டயர்களில் மஞ்சள் வர்ணப் புள்ளி இருப்பின் அது இலேசான பக்கத்தைக் குறிக்கும்; அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம்.

டயருக்குள் கண்ணாடி அல்லது பீங்கான் சிறுமணிகளைப் போட்டால் அவை தாமே இலேசான பக்கத்துக்கு ஓடிச் சமன்செய்யும் என்று ஒரு முறை பரவியிருக்கின்றது. இதில் தத்துவம் இல்லாமலில்லை. ஸ்பிரிங்கின்மேல் நிற்கும் சக்கரம், தன் இயல்பான அதிர்வெண்ணைக் கடந்த வேகத்தில் சுழலும்போது, கனமான பக்கம் உள்ளொதுங்கி இலேசான பக்கம் வெளியே வீசும். உதிரி மணிகள் வெளியே வீசும் பக்கத்தை நாடும். அவ்வேகத்தை எட்டாதபோது அவை கனமான பக்கத்தையே நாடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயன்படுத்தியோரின் கருத்தும் இருவகைப்படுகின்றது. ஈரம் புகுந்தால் மணிகள் கட்டிபடும். காற்று இறக்கும்போது வால்வில் சிக்கும். ட்யூப் உள்ள சக்கரங்களுக்கு இது ஏற்றதன்று. எடை வைத்துச் சமன் பார்க்க இயலாத மிகப் பெரிய டயர்களுக்கு மட்டும் இதனைக் கருதலாம் என்பது எமது எண்ணம்.

நடுக்கம் அன்று, படபடப்பு

இறுதியாக, சமனின்மையோடு குழப்பக்கூடாத ஒரு நிலை உண்டு. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே முழு அச்சால் இணைக்கப்பட்ட வண்டிகளில், ஒரு பள்ளத்திலோ பாலத்தின் மூட்டிலோ ஏறியவுடன், இரு சக்கரங்களும் திடீரென இடவலமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் கையில் நில்லாது. வேகம் பெரிதும் குறையும்வரை இது ஓயாது. அப்போது ஸ்டீயரிங்கை உறுதியாகப் பற்றிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி நேராகச் செல்லும்படியே வேகத்தைத் தணியவிட வேண்டும். பிரேக்கை அறைந்து மிதித்தலும், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுதலும் கூடா. இதன் மூலகாரணம் தளர்ந்துபோன மூட்டுகளாகும்: டை ராடு முனைகள், கிங் பின் பேரிங்குகள், ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்கள், சக்கர பேரிங்குகள் ஆகியன. சமனின்மை இதைத் தூண்டும் பொறி மட்டுமே. சமன் பார்த்தவுடன் படபடப்பு மறைந்துவிடுவதுண்டு. ஆயினும் தளர்ந்த மூட்டு தளர்ந்தபடியே இருக்கின்றது. எஞ்சின் அணைந்த நிலையில் ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடவலமாக அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்த்தால், எந்த மூட்டில் ஓர் உறுப்பு அசைந்து மற்றது அசையாமல் நிற்கின்றதோ அதுவே மாற்ற வேண்டியது. அதை மாற்றும்வரை வண்டியை நெடுஞ்சாலைக்கு அனுப்பலாகாது.

வகுப்பில் செய்து காட்ட

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் ஆரக்கம்பியில், ரிம்மை ஒட்டி, 20 கிராம் எடையுள்ள நட்டு ஒன்றை இறுகக் கட்டுக. மாணவர்கள் எட்ட நிற்க, பெடலால் வினாடிக்கு ஐந்து சுற்று வேகத்துக்குக் கொண்டுவந்தால், அந்த 20 கிராம் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் இழுத்துச் சைக்கிளைக் குதிக்கச் செய்யும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நட்டைக் கட்டியதும் குதிப்பு நின்றுவிடும். இயக்கச் சமனின்மைக்கு, ஒரு நீண்ட பவுடர் டப்பாவின் நடுவே பின்னல் ஊசியைச் செருகி, ஒரு முனையில் மேலும் மறுமுனையில் கீழுமாகச் சம எடையுள்ள களிமண் உருண்டைகளை ஒட்டுக. ஊசியின் இரு நுனிகளையும் விரல்களில் ஏந்தினால் டப்பா எந்நிலையிலும் அசையாது நிற்கும். சுழற்றிவிட்டால் இரு விரல்களும் மாறிமாறித் தள்ளப்படுவதை மாணவன் தானே உணர்வான்.

சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிய எவரும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரத்தில், உள்ளே எத்தனை கிராம், வெளியே எத்தனை கிராம் வைக்கப்பட்டது, வர்ணக் கோடு எங்கே இடப்பட்டது என்பனவற்றை வண்டியின் லாக் புத்தகத்தில் தேதியுடன் எழுதிவைத்தால், அடுத்து அவ்வண்டியை எடுத்துச் செல்பவர் மண்ணைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.